விளிம்பெழுத்து

அனந்தநாராயணன் சாருக்கு உலகத்தில் ஆகாதவை இரண்டு. ஒன்று ஆறிப்போன காபி, இன்னொன்று அடுத்தவன் எழுதிய புத்தகம். அதிலும் பழைய மெடல், பட்டாளத்துத் தொப்பி பேட்ஜ், பித்தளைப் பொத்தான் இதையெல்லாம் சேர்க்கிற ஆட்களுக்காக வரும் கையேடு ஏதாவது கையில் அகப்பட்டுவிட்டால் போதும், மனுஷன் சிவப்புப் பேனாவோடு சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுவார். ரிப்பனை இடவலம் மாற்றிப் போட்டிருக்கான் பார், பொத்தானைத் தொப்பி பேட்ஜ் அளவுக்கு ஊதிப் போட்டிருக்கான் பார், இதை நம்பிக் கடைக்குப் போகிறவன் கதி என்ன என்று பொருமிக்கொண்டே இருப்பார். இன்சூரன்ஸ் கம்பெனியில் முப்பத்தைந்து வருஷம் க்ளெய்ம் பேப்பரில் பொய்யைக் கண்டுபிடித்தவர். ரிட்டயர் ஆன பிறகும் கண்டுபிடிக்கப் பொய் வேண்டுமே, மெடலுக்கு வந்து சேர்ந்தார்.

அப்பேர்ப்பட்டவர் சொந்தமாக ஒரு புத்தகம் போடக் கிளம்பினால், அதைக் கம்ப்யூட்டரில் பக்கம் பக்கமாக அடுக்கித் தருகிறவள் பாடு என்ன ஆகும்? அந்தப் பாட்டைப் பட்டவள் மாலதி. தாராவி தொண்ணூறு அடி ரோட்டுக்காரி. கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, கட்சி போஸ்டர் என்று இருபது வருஷம் டிடிபி போட்ட கை. கட்டிக்கொடுத்த இடம் சரிப்படாமல் அம்மா மீனாட்சியம்மாளிடமே திரும்பி வந்து பத்து வருஷம் ஆகிறது. ஒன்றரை வருஷமாகத் தினமும் மாட்டுங்காவில் சார் ஃபிளாட்டுக்கு வந்து, மாமி தரும் காபியைக் குடித்துவிட்டு, ராத்திரி சமையலுக்குள் வீடு போய்ச் சேருவாள்.

ஒவ்வொரு படத்துக்கும் கீழே சென்டிமீட்டர் கோடு வேண்டும். பொத்தானின் குறுக்களவு அரை மில்லிமீட்டர் கூடினால் பக்கத்தையே திரும்பப் போடவேண்டும். எல்லா மெடலுக்கும் ஒரே பக்கத்திலிருந்துதான் வெளிச்சம் விழவேண்டும், இல்லாவிட்டால் மேடு பள்ளமாகவும் பள்ளம் மேடாகவும் தெரியுமாம். மாலதி வாய்க்குள் திட்டிக்கொண்டேதான் செய்தாள். ஆனால் பொய் சொல்லக் கூடாது, அவளுக்கு உள்ளுக்குள் அது பிடித்துத்தான் இருந்தது. இருபது வருஷத்தில் செத்தவர் பேரைத் தப்பாகப் போட்டுக் கொடுத்தால்கூட ஏன் என்று கேட்காத ஆட்களிடமே வேலை செய்தவள் அவள்.

முதல் உலகப் போர் பற்றிய நாலாவது அத்தியாயம் ஓடிக்கொண்டிருந்தபோதுதான் அவள் வாயைக் கொடுத்தாள். எங்க வீட்டிலும் ஒரு மெடல் கிடக்கு சார், எங்கப்பாவுக்குத் தாத்தா ஈராக்குப் பக்கம் பஸ்ராவுக்குப் போய் வாங்கினது, அவர் ஹவில்தார் என்றாள். பூலோகம் என்று பேர். அவரால்தான் அந்தச் சந்தில் இவர்களுக்குப் பட்டாளத்தார் வீடு என்று பெயர். தாராவியில் திருநெல்வேலிப் பக்கத்து ஆட்கள் ஆயிரம் குடும்பம் இருக்கலாம், எல்லாருக்கும் தோல் ஷாப்புக்காரர் வீடு, முறுக்குக்காரர் வீடு என்று ஏதாவது ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். பட்டாளத்தார் வீடு இது ஒன்றுதான்.

சார் கண் விரிந்தது. நாளைக்கே கொண்டு வா என்றார்.

விஷயம் தெரிந்ததும் மீனாட்சியம்மாள் அன்றைக்கே சந்து முழுக்கத் தமுக்கடித்துவிட்டாள். எங்க வீட்டு மெடல் புஸ்தகத்துல வருது, மாட்டுங்கா சாமி ஒருத்தர் இங்கிலீஷ்ல போடுதாரு என்று பக்கத்து ரூம் சொர்ணம்மாளிடம் சொன்னால் ஒன்பது வீட்டுக்குச் சொன்ன மாதிரி. மெடலை அப்படியே கொடுத்தனுப்ப அவளுக்கு மனசு வரவில்லை. பொங்கலுக்குப் பொங்கல் செய்கிற மாதிரியே ஒரு உருண்டைப் புளியும் செங்கல் பொடியும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்து, குத்துவிளக்கு தேய்க்கிற தேய்ப்பு தேய்த்தாள். நாலு பேர் பார்க்கப் போகிற பொருள் அழுக்காகப் போகலாமா? அந்த வீட்டு நியாயம் அது.

சார் பொட்டலத்தைப் பிரித்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொள்ளாத குறை. "புளி போட்டுத் தேச்சேளா? நூறு வருஷத்துக் கறுப்பை ஒரே நாள்ல உரிச்சுட்டேளே" என்று புலம்பினார். சேகரிக்கிறவன் மெடலில் கைரேகைகூடப் பட விடமாட்டான், இங்கே தங்கமாட்டம் தேய்த்து அனுப்பியிருக்கிறார்கள். மாலதிக்கு வெட்கமாகிவிட்டது. ஒரு நாள் இல்லை சார், வருஷா வருஷம் என்பதை அவள் சொல்லவில்லை. கறுப்புத் துணியில் வைத்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். படம் என்னவோ கண்ணைப் பறித்தது. மெடலைச் சார் வேலை முடியும் வரை இருக்கட்டும் என்று டிராயரில் வைத்துக்கொண்டார்.

இரண்டு மாசம் கழித்துப் படங்களுக்குக் கீழே போடவேண்டிய குறிப்புகளை எழுதிக் கொடுத்தார். ஒன்பதாவது அத்தியாயத்தில், இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில், அந்த மெடல் முழுப் பக்கத்துக்கு வந்திருந்தது. ஒன்பதாவது அத்தியாயம் போலிகளைப் பற்றியது. கீழே ஆங்கிலத்தில் இரண்டு வரி. போலி, வெண்கல வார்ப்பு, விளிம்பில் பெயர் இல்லை, ஹவில்தாருடையது என்று சொல்லிக் காட்டப்பட்டது, தாராவி வேலையாக இருக்கலாம்.

மாலதிக்குக் கை நின்றுவிட்டது. டிடிபி போடுகிறவள் படிக்க ஆரம்பித்தால் வேலை ஓடாது என்பதால் அவள் எதையும் படிக்காமலே அடிக்கிறவள். தாராவி என்ற சொல் மட்டும் கண்ணில் குத்தி நிறுத்தியது. அம்மா புத்தக வெளியீட்டுக்கென்று பட்டுப்புடவைக்கு ஃபால்ஸ் தைக்கக் கொடுத்திருக்கிறாள். சொர்ணம்மாளுக்கும் சேர்த்து அழைப்பிதழ் வாங்கி வைத்திருக்கிறாள். அந்தச் சந்தில் இங்கிலீஷ் படிக்கத் தெரிந்த பெண்பிள்ளைகள் வீட்டுக்கு ரெண்டு பேர் இருக்கிறார்கள். போலி என்பதற்கு அங்கே நக்லி என்பார்கள், நக்லி மெடல் வீடு என்று பேர் மாற ஒரு சாயங்காலம் போதும். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா?

அவள் சண்டைக்குத்தான் போனாள். நாங்க பொய் சொல்ற ஆளுங்களா சார் என்று கேட்டபோது குரல் உடைந்துவிட்டது. சார் கோபப்படவில்லை. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நிதானமாகச் சொன்னார்.

"ஹவில்தார்னு நீதானே சொன்னே. ஹவில்தாருக்கு வெள்ளி. இது வெண்கலம். விளிம்புல பேர் இருக்கணும், வழவழன்னு இருக்கு. நான் சொல்லலை மாலதி, உலோகம் சொல்றது."

வெண்கலமே கொடுக்கவில்லையா என்று கேட்டதற்கு, நாற்பத்தொன்றாம் பக்கத்தில் எழுதியிருக்கிறதே, நீதானே அடித்தாய் என்றார். அன்று மத்தியானம் அவர் தூங்கப் போன பிறகு அவள் நாற்பத்தொன்றாம் பக்கத்தைத் திறந்து, தான் அடித்ததைத் தானே முதல் தடவையாகப் படித்தாள். சண்டை போட்டவனுக்கு வெள்ளி. அவனுக்கு மூட்டை தூக்கினவன், தண்ணீர் சுமந்தவன், கோவேறு கழுதை ஓட்டினவன், கக்கூஸ் அள்ளினவன் இவர்களுக்கு அதே அச்சு, அதே ராஜா தலை, ஆனால் வெண்கலம்.

மெடலை எடுத்தாள். ஒன்றரை வருஷம் அவர் சொல்லிச் சொல்லித் தலையில் ஏற்றிய பாடம் இருக்கிறதே, வெளிச்சத்தை மேலேயிருந்து போடாதே, பக்கவாட்டில் போடு. போன் டார்ச்சை மேஜையோடு மேஜையாகப் படுக்கவைத்து விளிம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி எட்டுப் படம் எடுத்தாள். கம்ப்யூட்டரில் போட்டு வெள்ளையை வெள்ளையாக்கி, கறுப்பைக் கறுப்பாக்கி, எட்டையும் ஒட்டி நீளப் பட்டையாகப் பார்த்தாள். 1187 என்ற எண் வந்தது. கடைசியில் LOGUM என்று தெளிவாக வந்தது, அதற்கு முன்னால் P O O பாதி பாதியாக. எண்ணுக்கும் பேருக்கும் நடுவில் கட்டைவிரல் அகலத்துக்கு மட்டும் ஒரே தேய்வு, அங்கே விளிம்பே குழிந்து போயிருந்தது. அதையும் உற்றுப் பார்க்கப் பார்க்க எழுத்துகளின் அடிக்கால்கள் மட்டும் ஊசிமுனை மாதிரி தெரிந்தன. C, O, O, L, Y.

கூலி பூலோகம். ஹவில்தாரும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. கூலி என்பது வேலை செய்தவன் கையில் கொடுக்கிற காசுக்குப் பேர் என்றுதான் அவள் தமிழில் படித்தது. வெள்ளைக்காரன் ஆளுக்கே அந்தப் பேரை வைத்து இரும்பால் அடித்துவிட்டான். மெடலைத் தள்ளி வைத்தாள். பிறகு, நினைக்க நினைக்க அவளுக்கு வேறு மாதிரி ஒரு ரோஷம் பொங்கியது. துப்பாக்கி பிடிக்காவிட்டால் என்ன, பஸ்ரா வெயிலில் மூட்டை சுமந்திருக்கிறான். நாங்கள் பொய்யர்கள் இல்லை, மெடல் அசல்.

தூங்கி எழுந்து வந்த சார் அந்தப் பட்டையைப் பார்த்தார். பூதக்கண்ணாடியில் மெடலைப் பார்த்தார், தராசில் வைத்தார், மறுபடி பட்டையைப் பார்த்தார். மாமியைக் கூப்பிட்டுக் காட்டினார். தன்னுடைய நாற்காலியில் மாலதியை உட்காரச் சொன்னார், அது அந்த வீட்டில் நடக்காத காரியம். என் தப்பு, ஒத்துக்கொள்கிறேன், போலி அத்தியாயத்திலிருந்து எடுத்து நாலாவது அத்தியாயத்துக்குக் கொண்டுபோவோம், முழுப் பக்கம், விளிம்புப் பட்டை தனியாக, அதில் உள்ள வாசகம் தனியாக என்று சின்னப் பிள்ளை மாதிரி அடுக்கினார். எண்ணும் பேரும் மட்டும் போட்டால் போதாதா சார் என்று அவள் மெல்லக் கேட்டாள்.

"உள்ளதை உள்ளபடி போடணும். அதுல ஒரு எழுத்தை விட்டா, அந்த விளிம்பைத் தேய்ச்சவனுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?"

அதுவும் நியாயம்தான் என்று அவளுக்குப் பட்டது. அன்றைக்கே பக்கத்தை அடுக்கி, அச்சுக்குப் போகலாம் என்று சாரிடம் கையெழுத்தும் வாங்கிவிட்டாள். ஒன்றரை வருஷத்தில் அவ்வளவு அழகாக ஒரு பக்கம் அவள் போட்டதில்லை.

மெடலைக் கையோடு கொண்டுபோய் வீட்டில் கொடுத்து, அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். பக்குவமாகத்தான் சொன்னாள். ஹவில்தார் இல்லையாம் அம்மா, ஆனா மெடல் அசல், பேரோடு போடுதாங்க, அதுல கூலின்னு ஒரு வார்த்தை இருக்கு, அதுக்கென்ன, அவரும் உழைச்சுச் சாப்பிட்டவருதான் என்றாள். அம்மா அழுவாள், இல்லாவிட்டால் நம்பமாட்டாள் என்று எதிர்பார்த்தாள். மீனாட்சியம்மாள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தைக் கீழே வைத்தாள்.

"எனக்குத் தெரியும்ட்டி."

பிறகு சொன்னாள். அவள் கல்யாணம் முடிந்து தாராவிக்கு வந்த வருஷம், மாமனார் சுடலைக்கண்ணன் அந்த மெடலைக் கையில் கொடுத்து இந்த இடத்தைத் தடவிப் பார் என்றாராம். பூலோகம் செத்த பிறகு, பட்டாளத்துக்காரன் மகனுக்கு வேலை கிடைக்கும் என்று யாரோ சொல்ல, மெடலைத் தூக்கிக்கொண்டு ஒரு ஆபீஸுக்குப் போயிருக்கிறார் மாமனார். அங்கே இருந்த கிளார்க் விளிம்பைத் திருப்பிப் படித்து, இது மெடலா கூலிச் சீட்டா என்று நாலு மேஜைக்குக் கேட்கிற மாதிரி சிரித்தானாம். தமிழ் ஆள்தான். கூட நின்ற தோல் ஷாப்பு ஆட்கள் அதைத் தாராவிக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். வருஷக் கணக்கில் அவருக்குக் கூலிச் சீட்டு என்றே பேர். அந்தச் சந்தை விட்டு இந்தச் சந்துக்குக் குடிமாறி வந்து, ஹவில்தார் கதையைக் கட்டி, பட்டாளத்தார் வீடு என்று பேர் நிற்க அவருக்கு ஆயுசில் பாதி போயிற்று.

"மத்த எடம் வெளுக்காட்டியும் பரவால்ல, இந்த எடத்த விட்டுராத தாயின்னு சொல்லிட்டுத்தான் கண்ண மூடுனாரு. அம்பது பொங்கலுக்குத் தேச்சிருக்கேன். வெளக்கு தேச்சேன்னா நெனைச்ச? இன்னும் நாலு பொங்கலு போயிருந்தா அந்தச் சொல்லு ஒழிஞ்சிருக்கும். நீ டார்ச்ச அடிச்சு எடுத்துட்டு வந்து நிக்க."

 பேரும் கூடவே தேய்ந்து போகிறதேம்மா, பூலோகம்ங்கிறதில் மூணு எழுத்துப் பாதி போயிடுச்சே என்று கேட்டாள் மாலதி. போனா போவட்டும், பேரு எங்க வாயில இருக்கு என்றாள் அம்மா. நக்லி என்று போட்டிருந்தார்களே, அதையே போடச் சொல், இங்கிலீஷ் படிக்கிற குட்டிகள் கேட்டால் ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாம், படம் வரவேண்டும், அந்தச் சொல் வரக்கூடாது என்று தீர்த்துச் சொல்லிவிட்டு முறத்தை எடுத்துக்கொண்டாள்.

மறுநாள் சாரிடம் கேட்டாள். படத்தையே எடுத்துவிடுங்கள் என்றுகூடக் கெஞ்சினாள். ஏன் என்று சொல்ல மட்டும் அவளுக்கு நாக்கு எழவில்லை. அந்தக் கிளார்க் கதையை இன்னொரு ஆபீஸ் மேஜைக்கு முன்னால் நின்று சொல்ல அவளால் முடியவில்லை. சாருக்குப் புரியவும் இல்லை. எனக்குத் தெரியாமல் இருந்தபோது போலி என்று போட்டேன், தெரிந்த பிறகு எப்படித் தெரியாத மாதிரி இருப்பது, வெட்கப்பட இதில் என்ன இருக்கிறது, இது கௌரவம் என்றார். மனசாரத்தான் சொன்னார். வெட்கம் என்பது யாருக்கு எங்கே இருக்கிறது என்று அளக்க அவரிடம் அரை மில்லிமீட்டர் கோடு இல்லை, அவ்வளவுதான்.

அம்பர்நாத்தில் இருந்த அச்சகத்துக்கு ஃபைல் அனுப்பவேண்டியவள் அவள்தான். கையெழுத்தான புதுப் பக்கத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, பழைய இருநூற்றுப் பன்னிரண்டை இருந்த இடத்திலேயே போட்டு அனுப்பினாள். சொந்தப் பூட்டனைத் தன் கையாலேயே போலி என்று அச்சுக்கு ஏற்றிவிட்டு, மாமி கொடுத்த காபியைக் குடித்தாள். 

அச்சாகி முதல் கட்டு வந்த அன்று சார் போன் செய்தார். கத்துவார் என்று காதிலிருந்து போனைத் தள்ளிப் பிடித்தாள். அவர் கத்தவில்லை. இனிமேல் நீ வரவேண்டாம் என்று சொல்லி வைத்துவிட்டார். கத்தியிருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

வெளியீடு செம்பூரில் ஒரு சின்ன ஹாலில். மாலதி போகவேண்டாம் என்று எவ்வளவோ மன்றாடினாள். படம் வந்திருக்குல்லா, பெறவு என்ன என்று அம்மா பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு, சொர்ணம்மாளையும் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். கடைசி வரிசையில் மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். மேடையில் யார் யாரோ பாராட்டினார்கள். இவ்வளவு சுத்தமான படங்களை இந்த மாதிரிப் புத்தகத்தில் பார்த்ததில்லை என்றார் ஒருவர். போலிகளை எப்படிக் காட்டவேண்டும் என்பதற்கு இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கம் ஒன்றே போதும் என்று இன்னொருவர் சொன்னபோது மாலதி தலையைக் குனிந்துகொண்டாள். சார் எழுந்தார். முந்நூறு பக்கத்தில் ஒரே ஒரு பிழை நேர்ந்துவிட்டது, அதுவும் அந்தப் பக்கத்தில்தான், அதையும் திருத்தியாகிவிட்டது என்று மட்டும் சொல்லி உட்கார்ந்தார்.

மாலதிக்கு அப்போதுதான் சுரீர் என்றது. எழுந்து கை நீட்டுவதற்குள், வரிசை வரிசையாகக் கைமாறி வந்த புத்தகம் அம்மா மடிக்கு வந்துவிட்டது. மீனாட்சியம்மாள் அட்டையைத் திறந்தாள். உள்ளே, முதல் பக்கத்திலேயே, ஒரு மஞ்சள் துண்டுச்சீட்டு ஒட்டியிருந்தது. பிழைதிருத்தம். பக்கம் 212-இல் உள்ள மெடல் போலி அல்ல, அசல். விளிம்பில் உள்ள வாசகம் பின்வருமாறு. அதற்குக் கீழே எண்ணும் சொல்லும் பேரும் தனி வரியில், நடுவில், பெரிய எழுத்தில் தடிமனாக. சார் யாரோ கடைக்காரனிடம் போட்டு வாங்கியிருக்கிறார், எழுத்து ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது.

மீனாட்சியம்மாளுக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. பஸ் நம்பர் தவிர வேறு எதுவும் படித்ததில்லை. ஆனால் ஐம்பது வருஷமாகக் கட்டைவிரலால் தடவிப் பார்த்துத் தேய்த்த ஐந்து எழுத்து அது. இங்கிலீஷில் அவளுக்குத் தெரிந்த ஒரே சொல்.

பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்த சொர்ணம்மாள், என்னக்கா எழுதியிருக்கு என்று கேட்டாள். மீனாட்சியம்மாள் கட்டைவிரலை நாக்கில் தொட்டு ஈரமாக்கி, அந்த ஒரு சொல்லின்மேல் வைத்துத் தேய்க்க ஆரம்பித்தாள். தாள் நைந்து மஞ்சளாய்த் திரண்டு வந்தது, மை மட்டும் போகவில்லை. விடும்மா, எல்லாப் புத்தகத்திலயும் இருக்கும்மா என்று மாலதி அந்தக் கையைப் பிடித்தாள்.